கௌதியின் வயிறு

நேரலகட்டி
22 நவம்பர் 1998

அன்புள்ள தங்கை கஸ்தூரிக்கு,

அக்கா நீலவ்வா ஆசீர்வாதத்தோடு எழுதுவது. இங்கே ஆடு மாடு முதற்கொண்டு எல்லோரும் சுகம். உன் சளி விட்டதா? பெங்களூர்க் குளிரில் தலைக்குத் துணி கட்ட வெட்கப்படாதே. அங்கே உன்னைப் பார்த்து மயங்க ஒருவனும் நிற்கவில்லை.

உன் ஆபீஸ் ரோகிணி மேடம் செவ்வாய்க்கிழமை ஜீப்பில் வந்தார். வெளிநாட்டுக்கு இருபது கௌதி வேண்டுமாம். ஹூப்ளித் தையல்கடைகள் குப்பையில் கொட்டுகிற வெட்டுத்துணியையும் நம் கிழிந்த சேலைகளையும் அடுக்கித் தைக்கிற போர்வைக்கு இப்படி ஒரு யோகம் வரும் என்று நாம் நினைத்தோமா? ஆளுக்கு ஒன்று, நிறமும் கோலமும் அவரவர் இஷ்டம், யாரும் யாருக்கும் சொல்லித்தரக் கூடாது என்றார். அதில் எல்லோருக்கும் சந்தோஷம்.

ஒன்றுதான் இடித்தது. நடுவில் கடைசியாக மூடும் இடத்தில், அதன் வயிற்றில், ஒன்றும் வைக்கக் கூடாதாம். ரொட்டி, அரிசி, வெல்லம் எதுவும் கூடாது. கீழ்க்கேரி துர்கவ்வா மட்டும் எழுந்துவிட்டாள்.

"அது எப்படி மேடம்? வயிறு ரொப்பாம மூடுனா அது போற வீட்டுல பசி வரும்னு சொல்லுவாங்க. ஒரு விள்ளல் ரொட்டி வெச்சா குடியா முழுகிடும்?"

"கப்பல்ல போகணும்மா. ஒண்ணுல பூச்சி வந்தா மொத்தத்தையும் வேணாம்னுடுவாங்க."

"அப்ப அந்த ஊர்க்காரங்க பசியோட தூங்கட்டும், நமக்கென்ன!"

மேடம்கூடச் சிரித்துவிட்டார். பிறகு இருபது தலையும் ஆடியது. பொறுப்பு என்னுடையது என்று நான் வாக்குக் கொடுத்தேன். நம் தையல் கூடத்துச் சாவி என் இடுப்பில் இருக்கிறது, தெரியுமல்லவா? உன் அத்தான் போன பிறகு இந்த வீட்டில் உப்பு டப்பாவின் மூடியைக்கூட என்னைக் கேட்டுத் திறந்ததில்லை. இப்போது பஞ்சாயத்துத் தலைவரே கூட்டம் போட என்னிடம் சாவி கேட்டு ஆளனுப்புகிறார்.

வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா
நீலவ்வா


பெங்களூர்
5 டிசம்பர் 1998

அக்காவுக்கு கஸ்தூரியின் நமஸ்காரம். சளி விட்டது, இருமல் பிடித்தது. விடுதியில் தினமும் சோறு. ஒரு சோள ரொட்டி கண்ணில் பட்டு நாலு மாதமாகிறது.

மேடம் திரும்பி வந்ததிலிருந்து உன் பேச்சுதான். "உங்க அக்காவ மாதிரி ஒருத்தி ஒவ்வொரு ஊர்லயும் இருந்தா போதும் கஸ்தூரி" என்றார். நான் அலுவலகத்தில் ஒரு சாண் உயர்ந்துவிட்டேன். தட்டச்சு அடிக்கிறவளுக்கும் இப்போது டீ முதலில் வருகிறது.

ஆனால் அக்கா, வயிற்று விஷயத்தை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதே. உன் பேரைச் சொன்னது நான். இந்த இருபதும் நன்றாகப் போனால்தான் அடுத்த வருஷமும் கூடம் நடக்கும். எல்லோரிடமும் இன்னொரு தடவை சொல். உனக்கு நீயும் சொல்லிக்கொள். உன் பிடிவாதம் எனக்குத் தெரியாததா?

சங்கரப்பா அண்ணன் வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்லவும்.

கஸ்தூரி


நேரலகட்டி
18 ஜனவரி 1999

கஸ்தூரிக்கு ஆசிகள். சங்கராந்தி நன்றாக நடந்தது. எள்ளும் வெல்லமும் தபாலில் அனுப்பினால் உடைந்துவிடும் என்று உன் பங்கையும் நானே தின்றேன்.

இருபதும் முடிந்து முந்தாநாள் லாரி ஏறிவிட்டன. நீ பார்த்திருக்க வேண்டும். பாரவ்வா தன் கல்யாண இளகல் சேலையின் சிவப்புக் கரையைச் சுற்றிலும் ஓட்டிவிட்டாள். சாந்தவ்வாவுடையது முழுக்கப் பாவாடைக் கட்டம். துர்கவ்வா என்ன செய்தாள் தெரியுமா? ஒடிந்த குடைத் துணியின் கறுப்பும் பள்ளிக்கூடச் சீருடையின் நீலமும் கீற்றுக் கீற்றாக வெட்டிச் சாய்த்து வைத்தாள். என்னடி இது என்றால், "மழை யக்கா" என்கிறாள். அவள் சொன்ன பிறகு எல்லோருக்கும் மழைதான் தெரிந்தது. பாரவ்வா அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். சேரிக்காரியை உள்ளே விடுவதா என்று, துர்கவ்வாவை நான் கூடத்துக்குக் கூட்டி வந்த பிறகு மூன்று நாள் என்னோடு பேசாதவள்தான் இந்தப் பாரவ்வா.

என்னுடையது சாதாரணம். உன் அத்தானின் வேட்டி ஒன்று மிச்சமிருந்தது, அதை அடியில் போட்டேன்.

நடுவில் ஒரு சாண் விட்டு, கடைசி மூடலை அவரவர் வீட்டில் போட்டுக்கொண்டு வரச் சொன்னேன். வழக்கமே அதுதானே, கூட்டத்தில் வைத்து யார் மூடுகிறார்கள்? நீ கவலைப்படாதே. எல்லாம் மேடம் சொன்னபடி.

இருமலுக்கு ஓமம் மெல்லு.

நீலவ்வா


பெங்களூர்
25 பிப்ரவரி 1999

அன்பு அக்காவுக்கு,

எல்லோரும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இங்கே சுகமில்லை.

கப்பலுக்கு முன்னால் சோதனைக்காக மூட்டைகள் கிடங்கில் இருந்தன. ஒரு மூட்டையிலிருந்து எறும்பு சாரை சாரையாக வந்திருக்கிறது. சோதனைக்காரர் அந்தக் கௌதியின் நடுவைக் கத்தியால் கிழித்துவிட்டார். உள்ளே போளி. பூஞ்சை பிடித்துப் பச்சையாகி, புழு நெளிந்துகொண்டிருந்தது. மற்றவற்றைத் தடவிப் பார்த்தார்கள், ஒன்றும் தட்டுப்படவில்லை. எல்லாவற்றையும் கிழித்துப் பார்த்தால் அப்புறம் அனுப்ப என்ன இருக்கும்? அதனால் இருபதையும் நிறுத்தி வைத்துவிட்டார்கள்.

மைதாப் பசைக்கு ஆசைப்பட்டு அந்த மூட்டையில் பெயர்ச்சீட்டுகளைப் பூச்சி தின்றிருக்கிறது. பத்துக் கௌதிக்குப் பேர் இல்லை. மேடம் என்னைக் கூப்பிட்டுக் கிழிந்ததைக் காட்டினார். பார்த்தேன்.

யார் என்று நீ விசாரித்து எழுது அக்கா. மேடம் தண்டிக்கக் கேட்கவில்லை. வாங்குகிறவர்களிடம் "ஒருத்தி தெரியாமல் செய்துவிட்டாள், மற்றவை சுத்தம்" என்று சொல்ல அவருக்கு ஒரு பதில் வேண்டும். உன் பதிலுக்காகத்தான் எல்லாம் நிற்கிறது.

கஸ்தூரி


நேரலகட்டி
20 மார்ச் 1999

கஸ்தூரிக்கு,

உகாதி முடிந்தது. எனக்கு ஒரு வாரமாகக் காய்ச்சல், அதனால்தான் தாமதம். இப்போது தேவலை. மாங்காய் இந்த வருஷம் காய்க்கவில்லை. சங்கரப்பாவின் மாடு கன்று போட்டிருக்கிறது, கிடாரி.

கூட்டம் போட்டேன். உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு பாரவ்வா சொன்னாள், "அன்னைக்கு வைக்கணும்னு குதிச்சவ யாரு? அவளத்தான் கேக்கணும்."

துர்கவ்வா எழுந்தாள். "வைக்கணும்னு சொன்னேன். ஆனா வைக்கல."

"சொன்னவளே நீதான்டி. நாங்க யாராவது மூச்சு விட்டோமா?"

"சத்தியமா வைக்கல பாரக்கா. எங்க வீட்டுல போளி தட்டி எத்தன வருசமாச்சு!"

"யார் வீட்டுல வாங்குனயோ, யாருக்குத் தெரியும்?"

ஒவ்வொருத்தியாக ஆமாம், ஆமாம் என்றார்கள். துர்கவ்வா என்னைப் பார்த்தாள். நான் தலைவி, என்ன சொல்ல முடியும்? சாவியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெயில் ஏறிவிட்டது, கூட்டம் கலைந்தது.

மேடத்துக்கு ரொம்பக் கோபமா? உன்னிடம் வேறு ஏதாவது கேட்டாரா? உன் வேலைக்கு ஒன்றும் வராதல்லவா?

நீலவ்வா


பெங்களூர்
29 மார்ச் 1999

அக்காவுக்கு நமஸ்காரம். காய்ச்சல் மறுபடி வரவில்லையே?

துர்கவ்வாவா? நன்றாக விசாரித்தாயா? ஊரார் ஆமாம் என்றதை எழுதியிருக்கிறாய். நீ என்ன நினைக்கிறாய் என்று எழுதவில்லை.

நீ எழுதுகிறதைத்தான் நான் மேடத்திடம் சொல்லப் போகிறேன். ஒரு எழுத்துக்கூட மாற்ற மாட்டேன். அதனால் யோசித்து எழுது. பத்து நாள் பார்க்கிறேன் என்று மேடம் சொல்லியிருக்கிறார்.

கஸ்தூரி


நேரலகட்டி
2 மே 1999

கஸ்தூரிக்கு,

ஒரு மாதமாகிவிட்டது, தெரியும். ஊரில் தண்ணீர் இல்லை, இரண்டு மைல் நடக்கிறோம். கை வலியில் பேனா பிடிக்க முடியவில்லை.

மேடம் எனக்கே நேராகக் கடிதம் போட்டார். பேர் கேட்டிருந்தார். நான் பேர் எழுதவில்லை கஸ்தூரி. "சம்பந்தப்பட்டவள் இப்போது நம் கூடத்துக்கு வருவதில்லை" என்று மட்டும் எழுதினேன். அது பொய் இல்லை என்று நினைத்துத்தான் எழுதினேன். துர்கவ்வா வருவதில்லை. கூட்டத்துக்கு மறுநாள் வந்தாள், அவள் பக்கத்தில் ஒருத்தியும் உட்காரவில்லை. அதற்கப்புறம் வரவில்லை.

போன வியாழக்கிழமை அவளும் புருஷனும் பிள்ளைகளுமாகக் கோவாவுக்குக் கட்டட வேலைக்குக் கிளம்பிவிட்டார்கள். நான் பஸ் நிற்கும் இடத்துக்குப் போனேன். எதற்குப் போனேன் என்று எனக்கே தெரியவில்லை. சட்டிப் பானையை மூட்டை கட்டி அதன்மேல் உட்கார்ந்திருந்தாள்.

"வெயில்ல எதுக்கு யக்கா வந்தீங்க?"

"உன் பொண்ணு ரேணுகா ஏழாவது பரீட்ச எழுதுனாளாடி?"

"எழுதுனா. பாஸானா என்ன, பெயிலானா என்ன. அங்க தம்பிய யார் பாத்துக்கறது? அவதான்."

அவளே சொன்னாள், "நீங்களும் நம்பிட்டீங்கள்ல? பரவால்ல. அன்னைக்கு நான் வாய விட்டிருக்கக் கூடாது. வாய விட்டவதான் செஞ்சிருப்பான்னு யாருக்கும் தோணும். எனக்கே தோணும்."

பஸ் வந்துவிட்டது. மூட்டையை நான் தூக்கிக் கொடுத்தேன். எனக்கு ராத்திரி தூக்கம் இல்லை. கண் வைத்தியரிடம் காட்டலாமா என்று பார்க்கிறேன்.

நீலவ்வா


பெங்களூர்
10 மே 1999

அக்கா,

உனக்குத் தூக்கம் வராததற்குக் கண் வைத்தியர் எதற்கு?

அந்தக் கௌதியை மேடம் விரித்த அன்றே எனக்குத் தெரியும். எல்லோருடைய தையலும் ஒரு பக்கமாகச் சுற்றிக்கொண்டு நடுவுக்குப் போகிறது. அது மட்டும் எதிர்ப்பக்கமாகச் சுற்றிப் போயிருந்தது. நேரலகட்டியில் இடது கையால் ஊசி பிடிக்கிறவள் ஒருத்திதான். அடியில் அத்தானின் வேட்டி, அதன் ஓரத்தில் நானே ஒரு காலத்தில் போட்ட ஒட்டு. மேடம் கேட்டார், "உன் ஊர்தானே, கைய பாத்தா தெரியலையா?" நான் தெரியவில்லை என்றேன். என் வாயிலிருந்து எப்படி வந்தது என்று தெரியவில்லை, வந்துவிட்டது.

நீயே சொல்லுவாய் என்றுதான் ஒவ்வொரு கடிதத்திலும் கேட்டேன். உன்னைக் காட்டிக்கொடுக்க எனக்கு மனசு வரவில்லை, உன்னைச் சொல்லவைக்கவும் தைரியம் வரவில்லை. இதில் ஒரு பெண் குழந்தையின் படிப்பு போய்விட்டது. உன்னைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை? நானும்தான் சும்மா இருந்தேன்.

ஜூன் முதல் வாரத்தில் அடுத்த வருஷம் எந்த ஊர்களில் நடத்துவது என்று முடிவு செய்கிறார்கள். இப்போதாவது எழுது.

கஸ்தூரி


நேரலகட்டி
24 மே 1999

கஸ்தூரிக்கு,

மேடத்துக்கு எழுதியது இதோடு இருக்கிறது. நான்தான் வைத்தேன் என்று எழுதிவிட்டேன். காரணம் எழுதவில்லை. அதை மேடத்துக்கு எப்படி எழுதுவது? உனக்கு எழுதுகிறேன்.

உன் அத்தான் போன பதினோரு வருஷத்தில் யாருக்காவது நான் மடி நிரப்பியிருக்கிறேனா? சங்கரப்பா பெண்டாட்டியின் சீமந்தத்தில் அரிசித் தட்டு என்னைத் தாண்டித்தான் போனது. அவளுக்கு மூன்று பிரசவமும் பார்த்தவள் நான். உனக்குக் கல்யாணமானால் உன் மடியிலும் ஒரு பிடி அரிசி நான் போட முடியாது. ஒருவரும் கெட்டவர்கள் இல்லை, வழக்கம் அது. நானும் பழகிவிட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன்.

அன்று கொல்லையில் உட்கார்ந்து வயிற்றை மூடப் போனேன். வீட்டில் கடலைப் போளி தட்டியிருந்தார்கள். நான் தாலியறுத்தவள் என்று கௌதிக்குத் தெரியாது. அதன் வயிற்றை நிரப்ப ஒருவரும் என்னை வேண்டாம் என்றதில்லை. யாரோ முகம் தெரியாத ஒரு வீட்டுக்குப் போகிறது, நிறைந்து போகட்டும் என்று நினைத்தேன். வாக்குக் கொடுத்தது ஞாபகம் இருந்தது. இருந்தும் வைத்தேன்.

கூட்டத்தில் துர்கவ்வா என்னைப் பார்த்தபோது சொல்லியிருக்கலாம். சொன்னால் சாவி போய்விடும். அது ஒன்றுதான் தோன்றியது. எனக்கு வெட்கமாக இருக்கிறது கஸ்தூரி.

நீலவ்வா


பெங்களூர்
16 ஜூன் 1999

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள். இதை உட்கார்ந்து படி.

மேடம் உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். எனக்குத் தெரிந்திருந்தது என்பதையும் நான் சொல்லிவிட்டேன். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "மார்ச்ல வந்திருந்தா ஏதாவது செஞ்சிருப்பேம்மா" என்றார். வாங்குகிறவர்கள் ஏப்ரலிலேயே வேண்டாம் என்று எழுதிவிட்டார்களாம். அடுத்த வருஷம் திட்டம் ராய்ச்சூர்ப் பக்கம் போகிறது. நம் ஊர் பட்டியலில் இல்லை. கூடத்துச் சாவியைப் பஞ்சாயத்தில் கொடுத்துவிடச் சொன்னார்.

துர்கவ்வாவை வேறு ஊரில் எங்காவது சேர்க்க முடியுமா என்று கேட்டேன். "எங்க இருக்கான்னு சொல்லு, பாக்கலாம்" என்றார். உனக்குத் தெரியுமா?

என் வேலை இருக்கிறது. டீ கடைசியில் வருகிறது, அது பெரிய விஷயமில்லை. இருபது கௌதியும் லாரியில் திரும்பி வருகின்றன.

கஸ்தூரி


நேரலகட்டி
8 ஜூலை 1999

தங்கை கஸ்தூரிக்கு,

நீ நன்றாக இருக்க வேண்டும். இங்கே மழை பிடித்துக்கொண்டது, விதைப்பு நடக்கிறது.

மூட்டைகள் திங்கட்கிழமை வந்தன. சாவியைக் கொடுப்பதற்கு முன்னால் ஒரு தடவை எல்லோரையும் கூடத்துக்குக் கூப்பிட்டேன். பதினெட்டுப் பேரும் வந்தார்கள். என் கிழிந்த கௌதியை நடுவில் விரித்து, "இது என்னோடது. நான்தான் வெச்சேன். துர்கவ்வா மேல பழி விழுந்தப்ப சும்மா இருந்தேன்" என்றேன். காறித் துப்புவார்கள் என்று தயாராகத்தான் இருந்தேன்.

பாரவ்வா எழுந்துபோய்த் தன் கௌதியை உருவி எடுத்தாள். கத்தரியால் நடுவைப் பிரித்தாள். உள்ளே காய்ந்து கருவாடாய்ப் போன ரொட்டித் துண்டு. அதை என் முன்னால் வைத்துவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அப்புறம் சாந்தவ்வா பிரித்தாள், ஒரு பிடி அரிசி. மஞ்சவ்வாவுடையதில் சோளம். ஒவ்வொருத்தியும் தன் தையலை அடையாளம் பார்த்து எடுத்துப் பிரித்துக்கொண்டே போனாள். ஒன்றுகூடக் காலியாக இல்லை. ஒவ்வொருத்தியும் அந்தப் போளியைத் தவிரத் தான் மட்டும்தான் வைத்தோம் என்று நினைத்து, தான் வைத்தது அகப்பட்டுவிடுமோ என்று பயந்து, அன்று ஆமாம் ஆமாம் என்றிருக்கிறாள்.

கடைசியில் மழைக் கௌதி மிஞ்சியது. அதைத் தொட ஒருத்தியும் வரவில்லை. நான்தான் பிரித்தேன். கையை விட்டு நாலு பக்கமும் துழாவினேன். ஒரு பருக்கை இல்லை.

"வேல போயிடும்னு பயந்திருப்பா" என்றாள் பாரவ்வா.

மஞ்சவ்வா வீட்டுக்கு ஓடி ஒரு ரொட்டி கொண்டுவந்தாள், இப்போதாவது வைத்து மூடலாம் என்று. நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மேடத்திடம் கொடுத்த வாக்கை இருபது பேரில் காப்பாற்றியவள் அவள் ஒருத்திதான். அதை நாம் கெடுக்கக் கூடாது. வெறும் வயிறாகவே தைத்து மூடினேன். தைக்கும்போது எல்லோரும் அழுதார்கள். அழுது என்ன?

கோவா பஸ்ஸில் ஏறினாள் என்பதற்கு மேல் இந்த ஊரில் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. கீழ்க்கேரியில் கேட்டேன். என்னை உட்காரச் சொல்லக்கூட யாருக்கும் மனசில்லை. மழைக்கு வேலை நின்றால் ஊர் திரும்புவார்கள் என்று நினைத்தேன், கோவா போன மற்றவர்கள் வந்துவிட்டார்கள், துர்கவ்வா வீட்டார் வரவில்லை. அந்த மழைக் கௌதியை என் பெட்டியின்மேல் மடித்து வைத்திருக்கிறேன். யாரிடம் கொடுப்பது, எந்த ஊருக்கு அனுப்புவது, எனக்குத் தெரியவில்லை. உனக்கு ஏதாவது வழி தெரிந்தால் எழுது.

அக்கா
நீலவ்வா